உப்புக்காத்துக்கு 'காயிலோவர்' தாங்குமா? காரை இறக்க நினைக்கும் தூத்துக்குடி வாலிபர்களே உஷார்!

தூத்துக்குடி: செகண்ட் ஹேண்டில் ஒரு கார். கையில் கொஞ்சம் காசு. செல்போனில் பார்த்த ஒரு வீடியோ. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் வாலிபர்களுக்கு உடனே வரும் ஆசை, வண்டியை தரையோடு தரையா இறக்கி 'காயிலோவர்' மாட்டுவது. மெக்கானிக் பட்டறைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இப்படித்தான் போகிறது.

"அண்ணாச்சி, நாலு வீலுக்கும் காயிலோவர் போட எவ்வளவு ஆகும்?"

"வண்டி என்னடே?"

"பழைய ஸ்விஃப்ட். செகண்ட்ஸ்ல எடுத்தது."

"வண்டி விலையில பாதியை ஸ்பிரிங்குக்கு குடுக்கப் போறியா? முதல்ல உள்ள இருக்கது நல்லா இருக்கான்னு பாப்போம்."

அண்ணாச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது. பட்ஜெட் போட்டு சஸ்பென்ஷன் மாற்ற நினைப்பவர்கள் பலர், என்ன வாங்குகிறோம் என்றே தெரியாமல் காசை இறைத்து விடுகிறார்கள். அதிலும் தூத்துக்குடி மாதிரி உப்பு ஊரில் அந்தக் காசு இரண்டே மழைக்காலத்தில் துருவாக உதிர்ந்துவிடும்.

அது என்ன காயிலோவர்?

பேர்தான் பெரிசு. சுருள் ஸ்பிரிங்கை ஷாக் அப்சர்பருக்கு மேலே மாட்டி, இரண்டையும் ஒரே பாகமாக ஆக்கினால் அதுதான் காயிலோவர். அப்படிப் பார்த்தால் 1983-ல் வந்த மாருதி 800-ல் இருந்து இன்றைய சின்ன கார்கள் வரை முன் சக்கரத்தில் இருக்கும் 'ஸ்ட்ரட்' கூட அதே குடும்பம்தான். மெக்பெர்சன் என்ற அமெரிக்க என்ஜினீயரின் பெயரால் அழைக்கப்படும் அந்த ஸ்ட்ரட்டிலும் ஷாக்கைச் சுற்றித்தான் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் என்ன வித்தியாசம்? கடையில் 'காயிலோவர்' என்று விற்கும் செட்டில் ஷாக்கின் உடம்பில் போல்ட்டு மாதிரி மரை வெட்டியிருக்கும். அதில் ஒரு வளையம் ஏறி இறங்கும். வளையத்தைத் திருகினால் வண்டியின் உயரம் கூடும், குறையும். கொஞ்சம் நல்ல செட்டாக இருந்தால் தலையில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் ஷாக் இறுக்கமாகும், தளர்வாகும். ரேஸ் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு டிராக்குக்கும் வண்டியை மாற்றி 'செட்' செய்ய இது வேண்டும். கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ ஓட்டுகிறவருக்கு இதன் அருமை தெரியும். முத்தையாபுரத்துக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் ஓடுகிற வண்டிக்கு?

இன்னொரு ரகசியம். ஸ்விஃப்ட், ஐ10, ஐ20 போன்ற கார்களில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஒன்றுக்கு மேல் ஒன்று கிடையாது. ஆகவே இந்த வண்டிகளுக்கு 'நாலு காயிலோவர்' என்று விற்கும் செட்டில் நிஜமான காயிலோவர் முன்னாடி இரண்டு மட்டுமே. பின்பக்கம் வருவது உயரம் மாற்றும் கப், ஒரு ஸ்பிரிங், தனியாக ஒரு ஷாக். இது ஏமாற்று வேலை இல்லை, வண்டியின் அமைப்பே அப்படி. ஆனால் வாங்குகிறவருக்கு தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா? பின்னால் பட்டை ஸ்பிரிங் போட்ட ஆம்னி வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சையே மறந்துவிடலாம்.

ஸ்பிரிங் வேற, ஷாக் வேற!

இங்கேதான் பாதிப்பேர் குழம்புகிறார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சர்பர் எடையைத் தாங்குவதில்லை. குதிக்கிற ஸ்பிரிங்கை அடக்குவதுதான் அதன் வேலை. ஷாக் செத்துப்போன கார், அலையில் வள்ளம் ஆடுகிற மாதிரி பள்ளத்தைத் தாண்டியும் ஆடிக்கொண்டே போகும். ஆடும்போது டயர் ரோட்டை முழுசாகப் பிடிக்காது. பிரேக் அடித்தால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. துறைமுக ரோட்டில் முன்னால் கன்டெய்னர் லாரி திடீரென நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்பிரிங்குக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ பாரம் வேண்டும் என்பதே அது. கம்பெனி போட்டுக் கொடுக்கும் சின்ன கார் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் 2, 3 கிலோ அளவில் இருக்கும். மலிவு காயிலோவர் செட்டுகளில் 5, 6 என்று போய் அதற்கு மேலும் ஏறும்.

கேட்க சின்ன நம்பர்தான். கணக்குப் போட்டால் புரியும். சக்கரம் ஒரு மேட்டில் ஏறி 30 மில்லிமீட்டர் மேலே போகிறது என்று வையுங்கள். 2 கிலோ ஸ்பிரிங் என்றால் வண்டியின் உடம்புக்கு 60 கிலோ இடி. 6 கிலோ ஸ்பிரிங் என்றால் அதே மேட்டுக்கு 180 கிலோ. மூணு மடங்கு! அந்த இடி எங்கே போகும்? ஸ்ட்ரட் மவுண்டுக்கு, பால் ஜாயின்ட்டுக்கு, கடைசியில் டிரைவரின் இடுப்புக்கு. தினமும் 10 மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கிற கால் டாக்சி டிரைவர் இதை விலைகொடுத்து வாங்கணுமா?

'மைலேஜ் கூடும், வளைவில் சூப்பரா நிக்கும்' என்று விற்பவர் சொல்வார். இரண்டாவது ஓரளவுக்கு உண்மை, நல்ல ரோடு இருந்தால். மோசமான ரோட்டில் ரொம்ப இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் டயர் ரோட்டை விட்டு குதிக்கும். அப்போது பிடிப்பு கூடாது, குறையும்.

உப்பு தின்னும் மரை

குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்பு கொடுப்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்து அளங்களில் விளைகிறது. முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி என்று திருச்செந்தூர் ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்பளம். காற்றிலேயே உப்பு. மீன் ஏற்றிப்போகும் வண்டிகளில் இருந்து ஒழுகும் உப்புத்தண்ணி ரோட்டில். கடற்கரையில் வண்டியை நிறுத்தினால் அடிப்பாகத்தில் ஈரமணல் வேறு.

காயிலோவரின் உயிரே அந்த மரையும் வளையமும்தான். மலிவு செட்டுகளில் உடம்பு துத்தநாகப் பூச்சு பூசிய இரும்பு, வளையம் அலுமினியம். இரண்டு வேறு வேறு உலோகம் ஒட்டிக்கொண்டு, நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் அரித்து வெள்ளை மாவு கட்டும். ஒரே வருஷத்தில் வளையம் மரையோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பேனர் போட்டு அடித்தாலும் அசையாது. ஆக, உயரம் மாற்றலாம் என்று கொட்டிக்கொடுத்து வாங்கிய செட்டில் உயரமே மாற்ற முடியாது!

அடுத்தது ஷாக்கின் கம்பி. குரோம் முலாம் பூசி கண்ணாடி மாதிரி பளபளக்கும் கம்பி அது. உப்பு பட்டு அதில் ஊசி முனை அளவு குழி விழுந்தால் போதும். கம்பி ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழி ஆயில் சீலைச் சீவும். சீல் போனால் ஆயில் ஒழுகும். ஆயில் போனால் ஷாக் செத்தது. கம்பெனி ஸ்ட்ரட்டில் கம்பியை மூடி ரப்பர் பூட் இருக்கும். சில மலிவு காயிலோவர் செட்டில் அந்த பூட்டே வருவதில்லை. கடையில் பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கலரைப் பார்க்காதீங்க, பூட்டைப் பாருங்க.

ஸ்பிரிங்கும் தப்பாது. கீழ்ச் சுற்றில் மண்ணும் உப்பும் தேங்கும். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்து ஒருநாள் 'டப்'பென்று ஒடியும். ஒடிந்த முனை டயரைக் குத்திக் கிழிக்கவும் கூடும்.

இதற்கு ஒரே மருந்து நல்ல தண்ணி. வாரத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்தை அடித்துக் கழுவணும். இதில் ஊர் சோகம் ஒன்று இருக்கிறது. தூத்துக்குடியில் பல இடங்களில் போர் தண்ணியே உப்புத்தான். அதை வைத்துக் கழுவினால் உப்பைக் கழுவ உப்பை ஊத்துகிற கதை. வல்லநாட்டில் இருந்து குழாயில் வரும் தாமிரபரணி குடிநீரை காருக்கு ஊத்தவும் மனசு வராது. வாட்டர் சர்வீஸ் கடையில் விடும் முன் 'எந்த தண்ணி அண்ணாச்சி?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மரையில் கிரீஸை அப்பிவிட்டால் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அதற்குப் பதில் காய்ந்து படலமாக நிற்கும் மெழுகு ஸ்பிரே அடிப்பது மேல்.

'கட கட' சத்தமா? பர்ஸைத் திறக்காதீங்க!

சஸ்பென்ஷன் மாற்ற வருகிறவர்களில் பலருக்கு நிஜமான புகார் சத்தம்தான். எட்டயபுரம் ரோட்டில் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்னால் 'கட கட'. உடனே 'ஷாக் போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நிறைய வண்டிகளில் குற்றவாளி ஷாக் இல்லை, லிங்க் ராடு. கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு கம்பி, இரண்டு முனையிலும் குண்டு. சில நூறு ரூபாயில் இருந்து விலை. அரை மணி நேர வேலை. அடுத்த சந்தேகம் லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட். இவை மூன்றையும் பார்க்காமல் காயிலோவர் மாட்டினால் புது செட்டோடு பழைய சத்தமும் கூடவே வரும்.

ஷாக் நிஜமாகவே போயிருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். ஒரு மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். எழும்பி ஒரு தடவை அடங்கினால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் போச்சு. ஆடாமல் இருந்தால் மட்டும் 'நல்லா இருக்கு' என்று நம்பிவிடவும் கூடாது. டார்ச் அடித்து ஷாக் உடம்பில் ஆயில் வழிந்து புழுதி அப்பியிருக்கிறதா என்று பார்க்கணும். டயரைக் கையால் தடவினால் திட்டுத்திட்டாக மேடு பள்ளம் தட்டுப்பட்டால் அதுவும் ஷாக்கின் வேலைதான்.

போயிருந்தால் என்ன செய்வது? கம்பெனிக்கு சப்ளை செய்கிற கேப்ரியல் மாதிரியான பிராண்டில் அதே அளவு ஷாக் வாங்கி மாட்டுவதே ஏழை எளியவர் வழி. கேப்ரியலுக்கு நம்ம ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. சின்ன காருக்கு நாலு ஷாக், மவுண்ட், பூட், கூலி எல்லாம் சேர்த்து பத்தாயிரம் சொச்சத்தில், வண்டியைப் பொறுத்து முன்னே பின்னே முடிந்துவிடும். பணம் பத்தாவிட்டால் முன் ஜோடி இந்த மாசம், பின் ஜோடி அடுத்த மாசம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடாது. இடது புதுசு, வலது பழசு என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பேர் பெற்ற வெளிநாட்டு காயிலோவர் செட்டுகள் அந்த ஊரிலேயே 1,000 டாலரைத் தாண்டும். இங்கே வந்து சேரும்போது வரி, கப்பல் கூலி வேறு. 20, 30 ஆயிரத்துக்கு 'அதே மாதிரி' கிடைக்கிறது என்றால் ஆயிலிலும் சீலிலும் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். '32 கிளிக் அட்ஜஸ்ட்மென்ட்' என்று பெட்டியில் போட்டிருப்பதில் மயங்க வேண்டாம். மலிவு செட்டில் பல கிளிக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஸ்பிரிங்கை வெட்டுவதா? வேண்டவே வேண்டாம்

காசே இல்லாதவர்கள் செய்யும் வேலை, கம்பெனி ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை கிரைண்டரில் அறுத்துவிடுவது. செலவு நூறோ இருநூறோ. ஆனால் அறுத்த முனை ஸ்பிரிங் சீட்டில் சரியாக உட்காராது. வண்டி குதிக்கும்போது ஸ்பிரிங் நகர்ந்துவிடும். வெல்டிங் வெட்டில் அறுத்தால் சூட்டில் இரும்பின் பதமே போய்விடும். இது உயிரோடு விளையாடுவது.

ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவில் ரப்பர் கட்டை சொருகுவது இன்னொரு பழக்கம். ஆள் நிறைய ஏற்றும் டாக்சிகளில் பார்க்கலாம். வண்டி அடி தட்டாது, உடனே பலன் தெரியும். ஆனால் கட்டை இருக்கிற சுற்று அசையாது, அதன் வேலையை மற்ற சுற்றுகள் சேர்த்துச் செய்யணும். நாளாவட்டத்தில் ஸ்பிரிங் அங்கேதான் ஒடியும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புது ஸ்பிரிங் போடுவதுதான் முறை.

பழைய காயிலோவர் செட் சென்னை புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறது என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் முத்துச்சிப்பியைத் திறக்காமலே குவியலாக ஏலம் விட்டார்கள். எடுத்தவருக்கு முத்தும் வரலாம், வெறும் ஓடும் வரலாம். பழைய ஷாக் வாங்குவதும் அப்படித்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் தெரியாது. வாங்கியே தீரணும் என்றால் கம்பியை முழுசாக வெளியே இழுத்து நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் விட்டுவிடுங்கள். வளையம் கையால் சுற்றணும். சீல் மாற்ற உதிரி பாகம் நம் ஊரில் கிடைக்குமா என்றும் கேட்கணும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பேய்மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தெருவில் நின்ற கார்கள் நாள்கணக்கில் சகதித் தண்ணியில் கிடந்தன. அப்படி நின்ற வண்டி கழுவி பாலிஷ் போட்டு செகண்ட் ஹேண்டில் கைமாறியிருக்கலாம். சீட்டு மாற்றலாம், மேட்டு மாற்றலாம். பானட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்ட் மூடியைக் கழற்றினால் உள்ளே காய்ந்த சகதி காட்டிக் கொடுத்துவிடும். ஸ்பிரிங் சீட்டிலும் அதே கதை. கார் எடுக்கும் முன் பார்க்க வேண்டிய இடம் இது. அந்த வண்டியில் காயிலோவர் மாட்டுவது ஓட்டை வள்ளத்துக்கு புதுப் பாய் கட்டுகிற மாதிரி.

அந்த வெள்ளம் இன்னொரு பாடமும் சொன்னது. சின்ன கார்களுக்கு தரையில் இருந்து 160, 170 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அதில் 40, 50 இறக்கினால் மிச்சம் 120. இந்திய சாலை காங்கிரஸ் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். தெருவில் அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட தடைகள் அந்த அளவிலா இருக்கின்றன? நாலு பேர் உட்கார்ந்தால் ஆயில் சம்ப் தட்டும். சம்ப் உடைந்தால் என்ஜினுக்கே ஆபத்து.

கண்டிப்பாக இறக்கியே ஆகணும் என்றால் 25 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஆக்சில், டை ராடு கோணமெல்லாம் மாறி, டயர் உள்பக்கம் மட்டும் தேயும். வாங்கும்போது அடி பிராக்கெட்டில் உயரம் மாற்றுகிற வகையா என்று கேளுங்கள். ஸ்பிரிங் வளையத்தை இறக்கியே வண்டியை இறக்குகிற வகையில் ஷாக் மேலும் கீழும் போகும் இடம் குறையும். பள்ளத்தில் 'டங்' என்று அடிவாங்கும்.

ஆர்.டி.ஓ. பிடித்தால்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். தேய்ந்த ஷாக்குக்குப் பதில் அதே அளவு ஷாக் போடுவது பழுதுபார்ப்பு. வண்டியை இறக்கி ஸ்பிரிங் மாற்றுவது வேறு கணக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்க அதுவும் ஒரு சாக்கு. எஃப்.சி.க்குப் போகிற டாக்சிக்காரர்கள் கிட்டவே போகக்கூடாது.

ஊருக்கே கார் தொழிற்சாலை வந்துவிட்டது. சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கார் ஆசை இனி கூடத்தான் செய்யும், குறையாது.

பழைய ஸ்விஃப்ட் தம்பி மாதிரி வருகிறவர்களுக்கு பட்டறைக்காரர்கள் சொல்வது ரொம்ப எளிது. முதலில் லிங்க் ராடு, புஷ். அடுத்து ஷாக் ஜோடி, மவுண்டோடு. அப்புறம் வீல் அலைன்மென்ட், இதை விட்டால் புது டயரும் போகும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை எல்லா நட்டையும் இறுக்கிப் பார்க்கணும். அதற்குப் பிறகும் ஆசை தீராமல் காயிலோவர் மாட்டினால், கழற்றிய கம்பெனி செட்டை காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாமல் ஆயில் தடவி சாக்கில் சுற்றி பரணில் வைக்கணும். வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "ஒரிஜினல் செட் இருக்கா அண்ணாச்சி?"